தலை நனையாத குளியல்

அப்துல் ஸமட் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தண்ணி மீட்டரின் கண்ணாடியைச் சாரனின் நுனியால் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். உள்ளே இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் அசையவில்லை.

"எல்லாப் பைப்பும் பூட்டித்தானே இருக்கு?" என்று வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார்.

"பூட்டி அரை மணித்தியாலமாச்சு," என்றாள் மனைவி உம்மு குசினிக்குள் இருந்து. "அரிசி கழுவணும். இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடியே இருக்கிற?"

"அரிசி இருக்கட்டும்."

பக்கத்தில் பைப் வேலை செய்கிற வினோஜ் நின்றான். ஸமட்தான் அவனைப் பாண்டிருப்பிலிருந்து வரச்சொல்லியிருந்தார். அவன் வீட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, சுவரோரம் மண்ணைக் காலால் தட்டிப் பார்த்து, தண்ணித் தாங்கியின் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்து முடித்திருந்தான்.

"லீக் ஒண்டும் இல்ல காக்கா. லீக் இருந்தா இந்தச் சக்கரம் சுத்தும்."

"அப்ப இருபத்தொன்பது யூனிட் எங்க போன?"

"வெளிய எங்கயும் போகல்ல. வீட்டுக்குள்ளதான் போயிருக்கு. ஆக்கள் பாவிச்சிருப்பாங்க."

ஸமட் எழும்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வீட்டில் மாசம் பதின்மூன்று, பதினான்கு யூனிட்டுக்கு மேல் போனதே இல்லை. பழைய பில்லெல்லாம் ஒரு கிளிப்பில் மாட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். கடந்த மூன்று மாசமாகத்தான் இருபத்தொன்று, இருபத்தைந்து, இருபத்தொன்பது என்று ஏறிக்கொண்டே வருகிறது.

அவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருசம் டிக்கட் பரிசோதகராக இருந்தவர். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால், பின் சீட்டில் நித்திரை கொள்கிற மாதிரி நடிக்கிறவனை முன் படியில் நின்றே கண்டுபிடிப்பார். டிக்கட் இல்லாமல் ஒருவரும் பயணம் செய்ய முடியாது. ஒரு யூனிட் தண்ணியும் ஆள் இல்லாமல் வெளியே போக முடியாது. அவருக்கு இது கணக்கு.

மூன்று மாசத்துக்கு முந்தி அந்த வீட்டில் இரண்டு விசயம் நடந்தது. ஸமட் பென்சனில் வந்தார். ஒரே மகள் நஸ்லாவைக் கலியாணம் முடித்து, மருதமுனையிலிருந்து முர்ஷித் அந்த வீட்டுக்கு வந்தான். தண்ணி கூடினது இரண்டில் எதனால் என்று ஸமட் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை.

குசினிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உம்மு, மருமகன்தான்."

"என்ன மருமகன்?"

"தண்ணி. அவர் வந்த பிறகுதான் கூடின. அறையோட பாத்ரூம் கட்டிக் குடுத்தமே, அதுக்குள்ளதான் எல்லாம் போகுது. ஒரு வார்த்தை மெல்லமாக் கேட்டா என்ன?"

உம்மு அரிசிச் சட்டியை அப்படியே வைத்தாள்.

"வாயத் திறந்திராதீங்க. சீதனமா எழுதிக் குடுத்த வீடு இது. மாப்பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணி அளந்து குடுக்காங்க எண்டு மருதமுனை முழுக்கக் கதை போனா, நான் எந்த முகத்தோட ஒரு கலியாண வீட்டுக்குப் போற?"

அது உண்மைதான். சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். வந்தவரை மனம் நோகாமல் வைத்திருப்பது மாமனாரின் பொறுப்பு. எழுத்தில் வீடு நஸ்லாவுடையது. தண்ணிப் பில் மட்டும்தான் இன்னும் ஸமட்டின் பேரில் வருகிறது. அதிலும் முர்ஷித் குறை சொல்ல முடியாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி படிப்பிக்கிறான். நாலு வார்த்தைக்கு மேல் கதைக்க மாட்டான். அதுதான் ஸமட்டுக்கு முதலாவது சந்தேகம். பஸ்ஸிலும் டிக்கட் எடுக்காதவன் இப்படித்தான் அமைதியாக இருப்பான்.

"நான் கேக்கமாட்டன்," என்றார். "அவரே விளங்கிக்கொள்ளுற மாதிரிச் செய்யுறன்."

மறுநாள் கல்முனை பசாருக்குப் போய் ஒரு வெள்ளைப் பலகையும் இரண்டு நிறத்தில் பேனையும் வாங்கி வந்தார். குசினிக்கும் அறைக்கும் நடுவில், எல்லோரும் கடந்து போகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினார். நேற்றைய ரீடிங், இன்றைய ரீடிங், பாவித்த தண்ணி, அதற்குரிய காசு. மேலே பெரிய எழுத்தில்: ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர். இன்ன யூனிட் வரைக்கும் இன்ன விலை.

"பொதுவாத்தான்," என்று எல்லோருக்கும் சொன்னார். "நானும்தானே பாவிக்கிறன். விலை தெரிஞ்சாத்தான் மனிசர் கவனமாப் பாவிப்பாங்க."

முர்ஷித் பள்ளிக்கூடம் விட்டு வந்து பலகைக்கு முன்னால் நின்று, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தான்.

"நல்ல வேலை மாமா," என்றான்.

நஸ்லா பக்கத்தில் வந்து நின்றாள். "கால் மணித்தியாலம் பைப்பத் திறந்து வெச்சா எவ்வளவு போகும்?"

முர்ஷித் டெலிபோனில் கணக்குப் பார்த்தான். "நூற்றைம்பது லீற்றர் மட்டில போகும். காசாப் பாத்தா ரெண்டு டொபி வாங்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உம்முவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு டொபியா? நான் என்னமோ இருநூறு முந்நூறு போகுதெண்டு பயந்து பயந்துதான் திறந்தன்."

"டொபிக் கணக்குப் பாக்கப்படாது," என்றார் ஸமட். "கூடக் கூட ஒரு யூனிட்டின்ட விலையும் ஏறும். கீழ சிவப்பில எழுதியிருக்கன், வாசிங்க."

ஒருவரும் சிவப்பை வாசிக்கவில்லை.

அந்தக் கிழமை தண்ணி குறையவில்லை. ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போன இடத்தில் ஒன்றேகாலும், ஒன்றரையும் போனது. ஸமட் ஒவ்வொரு நாள் காலையிலும் மீட்டரைப் பார்த்துவிட்டு, பலகையில் எழுதும்போது பேனையை அழுத்தி அழுத்தி எழுதினார். விலையையும் பாவனையையும் கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்த பிறகும் கூடுகிறது என்றால், இது தெரியாமல் நடப்பதில்லை. தெரிந்தே நடப்பது.

அவர் தன்னுடைய பழைய டிக்கட் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். பிளாஸ்டிக் கதிரையை ஹோலில் இருந்து தூக்கி வந்து பலகைக்குக் கீழே போட்டு, பேப்பர் வாசிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் கேட்பதற்கு அவர் பெரிதாகச் சிரமப்படத் தேவையில்லை. பழைய ஓட்டு வீடு. அறைச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாமல் எட்டடியில் நின்றுவிடும். கலியாணம் முடிந்த முதல் கிழமை நஸ்லா அறைக்குள் இருந்து, "நாளைக்குப் பின்னேரம் கடற்கரைக்குப் போவமா?" என்று புருசனிடம் மெல்லக் கேட்டாள். "நாளைக்கு மழை மகள்," என்று ஸமட் ஹோலில் இருந்தே பதில் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். மழையும் பெய்தது.

இப்போது அந்தக் காதுகளுக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்:

திங்கள். அறை பாத்ரூம். பின்னேரம் 5.10 – 5.34.

செவ்வாய். அறை பாத்ரூம். காலை 6.20 – 6.41. பின்னேரம் 4.50 – 5.19.

செவ்வாய். குசினி. 11.05 – 11.31. கழுவின சாமான்: மூன்று கோப்பை.

புதன்கிழமை ஒரு விசயத்தைக் கவனித்தார். குளிக்கிற ஆள் என்றால் தண்ணியைக் கோப்பையால் அள்ளி மேலில் ஊற்றுகிற சத்தம் வர வேண்டும். அள்ளுகிற சத்தம் இல்லை. பைப் ஒரே சீராக ஓடுகிறது. வாளி நிரம்பி வழிகிறது. வழிந்தும் ஓடுகிறது. பிறகு பைப் நிற்கிறது. அறைக் கதவு திறக்கிறது. முர்ஷித் வெளியே வருகிறான்.

"குளிச்சீங்களா மருமகன்?"

"ஓம் மாமா," என்றான் முர்ஷித், கொஞ்சம் தடுமாறி.

தலை காய்ந்திருந்தது. சீப்பு வைத்து வாரின கோடுகூட காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

இருபத்தொன்பது யூனிட் இப்போது சின்ன விசயமாகிவிட்டது. குளிக்காமல் ஒரு மனிசன் அரை மணித்தியாலம் பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்கிறான்? மறுநாள் கதிரையை அறைக் கதவுக்கு இன்னும் கிட்டப் போட்டார். அன்றைக்கு முப்பத்தொன்பது நிமிசம் ஓடியது.

குசினிக்குப் போனார்.

"உம்மு, மருமகன் ஒளிச்சு என்னவோ செய்யுறார்."

"என்னத்த ஒளிச்சுச் செய்யுற?"

"டெலிபோன்ல யாரோடயோ கதைக்காரோ தெரியா. தண்ணிச் சத்தத்தில நமக்குக் கேக்காதுதானே."

உம்மு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயமா, கோபமா, வேறு ஏதுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அஸ்தக்ஃபிருல்லாஹ். புதுப் பிள்ளையில இப்பிடிப் பழி சொல்லாதீங்க. போய்ப் பேப்பரப் பாருங்க."

அந்த நேரம் பக்கத்து வளவில் இருக்கிற உம்முவின் தங்கச்சி சஹ்லா பின்வாசலால் வந்தாள். ஸமட் திரும்பிக் கதிரைக்கு வந்து உட்காருவதற்குள் குசினியில் பைப் திறந்தது. இருபத்தெட்டு நிமிசம். கழுவின சாமான்: ஒன்றுமில்லை. மருமகனைப் பார்த்துப் பார்த்து உம்முவும் பழகிவிட்டாள் என்று ஸமட் கவலைப்பட்டார்.

இனிமேல் சொல்லிப் பயனில்லை, செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார். மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த வால்வைத் திருகிப் பூட்டினார். காலையில் ஒரு மணித்தியாலம், பகல் ஒரு மணித்தியாலம், பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஒரு மணித்தியாலம் தண்ணி வரும் என்று பலகையில் நேர அட்டவணை எழுதினார். தாங்கிக்கு ஏறுகிற தண்ணியையும் சேர்த்தே நிறுத்தினார்.

ஒருவரும் எதிர்க்கவில்லை. வீட்டில் அன்றைக்கு முழுக்கச் சத்தமே இல்லை. தண்ணிச் சத்தமும் இல்லை, மனிசச் சத்தமும் இல்லை. சாப்பாட்டுக்கு இருந்தபோது நஸ்லா முர்ஷித்தைப் பார்த்தாள். முர்ஷித் உம்முவைப் பார்த்தான். உம்மு கறிச் சட்டியைப் பார்த்தாள். ஸமட் மூன்று பேரையும் பார்த்தார். எல்லோரும் எதையோ சொல்லாமல் விழுங்குகிற மாதிரி அவருக்குப் பட்டது.

அடுத்த வியாழக்கிழமை அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போகுமுன் வால்வைத் திறந்துவிட்டுப் போனார். தொழுகை முடிந்து, வாசலில் இரண்டு பேரோடு பில் விசயம் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஹோல் வரைக்கும் தண்ணி. உம்மு சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் நஸ்லாவும் சஹ்லா வீட்டில் இருந்திருக்கிறார்கள். சஹ்லாதான் தண்ணி வாசலுக்கு வருவதைக் கண்டு கத்தியிருக்கிறாள். அறை பாத்ரூமில் பைப் முழுசாகத் திறந்தபடி கிடந்திருக்கிறது. அறையின் நிலத்தில் முர்ஷித் அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சை விடைத்தாள், ஒன்றரை வகுப்பினுடையது, ஊறிப் போயிருந்தது.

முர்ஷித் அப்போதுதான் ரியூசன் முடிந்து வந்து வாசலில் நின்றான். ஸமட்டுக்கு இத்தனை நாளும் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"பைப்பத் திறந்து போட்டுட்டு எங்க போன நீங்க, மருமகன்? நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கன். குளிக்கிறதும் இல்ல, பூட்டுறதும் இல்ல. என்னதான் செய்யுறீங்க அதுக்குள்ள?"

விளக்குமாறு நின்றது. நஸ்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பகல் திறந்து பாத்தன் மாமா, தண்ணி வரல்ல," என்றான் முர்ஷித். "பூட்ட மறந்துட்டன். என்ட பிழைதான்."

விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிலிலும் ஜன்னலிலும் கொடியிலும் காயப்போட்டான். காலையில் எழும்பி, காய்ந்ததும் காயாததுமாக எடுத்துப் பையில் வைத்தான்.

"உம்மாவுக்குச் சுகமில்லையாம் மாமா. ரெண்டு மூண்டு நாள் பாத்துட்டு வாறம்."

நஸ்லாவும் ஒரு பையோடு வெளியே வந்தாள். வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு உம்மு ஸமட்டோடு கதைப்பதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு சஹ்லா வீட்டுக்குப் போய்விடுவாள், பொழுதுபட்டு மஹ்ரிபுக்குத்தான் வருவாள். ஸமட் தனியாக மீட்டரைப் பார்த்தார். முதல் நாள் கால் யூனிட்டும் ஓடவில்லை. இரண்டாவது நாள் அதிலும் குறைவு.

அதைப் பலகையில் எழுதிவிட்டு உம்மு வரும் வரைக்கும் காத்திருந்தார்.

"பாரு. ஆள் இல்ல, தண்ணியும் போகல்ல. நான் சொன்னது சரிதானே?"

உம்மு பலகையைப் பார்த்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"மகளும் போயிட்டாள், மருமகனும் போயிட்டார். மீட்டர் நிண்டிருக்கு. சந்தோசமா இருங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். ஸமட் கதிரையில் உட்கார்ந்தார். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை. கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கின பஸ்ஸுக்குள் டிக்கட் கேட்டு நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. கலியாணம் முடிந்து மூன்று மாசத்தில் மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போனால் ஊர் அதற்கு என்ன பெயர் வைக்கும் என்றும் தெரியும். தண்ணிப் பில் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதைவிட மோசமாக ஏதாவது சொல்வார்கள்.

அடுத்த நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். வால்வை முழுசாகத் திறந்தார். ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு மருதமுனைக்கு பஸ் ஏறினார். தண்ணி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று கல்முனை தாண்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாண்டிருப்புத் தாண்டும்போது இன்னொரு தரம் சொன்னார்.

முர்ஷித்தின் வீட்டு ஒழுங்கையில் நுழையும்போதே நஸ்லா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஸமட் நின்றுவிட்டார். அந்தச் சிரிப்பை அவர் கேட்டுக் கனகாலம். அதற்குப் பதிலாக முர்ஷித் என்னவோ சொன்னான், பெரிய குரலில், நீளமாக. நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காத பிள்ளை. அவள் திரும்பவும் சிரித்தாள். ஸமட்டின் காது தானாகவே பைப் சத்தத்தைத் தேடியது. எங்கேயும் பைப் ஓடவில்லை.

ஸலாம் சொல்லி உள்ளே போனார். சிரிப்பு நின்றது. முர்ஷித் எழும்பி வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தான். சுகமில்லை என்று சொல்லப்பட்ட முர்ஷித்தின் உம்மா, ஒரு கையில் நெல்லுச் சுளகும் மற்றக் கையில் தேத்தண்ணிக் கேத்தலுமாக, நல்ல திடகாத்திரமாக வந்தார்.

"மருமகன்," என்றார் ஸமட், "நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. வயசு போன ஆள், மனசில வெச்சிக்கொள்ளாதீங்க. பலகையக் கழட்டிட்டன். வால்வையும் திறந்துட்டன். எவ்வளவு நேரம் வேணுமெண்டாலும் குளிங்க. ஒருத்தரும் கேக்க வரமாட்டாங்க."

முர்ஷித் தலையைக் குனிந்தான். "அப்பிடி ஒண்டுமில்ல மாமா. இண்டைக்கே வாறம்."

நஸ்லா வாப்பாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, உடுப்பு அடுக்க அறைக்குள் போனாள். முர்ஷித்தும் பின்னால் போனான். ஸமட் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருசப் பழக்கம். கோப்பையை வைத்துவிட்டு, அறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, ஒண்டு கேட்டாக் குறை நினைக்கப்படாது. மருமகன் சின்ன வயசிலயும் கனநேரம் குளிக்கிறவரா?"

"ஆரு, முர்ஷித்தா?" முர்ஷித்தின் உம்மா சுளகை வைத்தார். "ரெண்டு வாளித் தண்ணி, அஞ்சு நிமிசம். இஞ்ச வந்த மூண்டு நாளும் அப்பிடித்தான்."

"அப்ப எங்கட வீட்டில மட்டும் என்ன?"

"அதத்தான் நானும் உங்களிட்டக் கேக்கணும் எண்டு இருந்தன்," என்றார் அவர், கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு. "'இஞ்ச எண்டா பைப்பத் திறந்து வெக்காமலே நஸ்லாவோட கதைக்கலாம் உம்மா' எண்டு மகன் சொல்லுறான், ஏன் சம்மந்தி, உங்கட வீட்டில கதைக்கிறதுக்கும் தண்ணிப் பில் வருமா?"